பத்தியில் இருந்த நிபந்தனை

காவேரிப்பாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். பல்லவர் காலத்து ஏரி, பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர், இங்கிருந்து போன சிற்பங்கள் சென்னை அருங்காட்சியகத்தில் என்று யார் எழுதினாலும் இவை மூன்றும் வந்துவிடும். நானும் எழுதியிருக்கிறேன். ஏரியைத் தாண்டி மேட்டுப் பக்கம் கிடந்த நிலத்தைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. கல்லும் முள்ளும் நிறைந்த அந்தத் தரிசை வருவாய்த் துறைக்காரர்கள் 'டி.சி. நிலம்' என்பார்கள். செய்தித்தாள்களில் 'பஞ்சமி நிலம்' என்று வரும். 2019 இல் வெற்றிமாறனின் 'அசுரன்' வந்த பிறகு, எங்கள் தெருப் பையன்கள்கூட "தாத்தா, பஞ்சமி நிலம்னா என்ன?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செங்கல்பட்டுக்குப் போக வேண்டும். 1891 இல் அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ட்ரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர். மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அவர் அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதி அனுப்பினார். பாதிரிமார்கள் அதற்கு முன்பே இதைப் பற்றிக் குரல் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் கௌடி ஆகிய இருவரும் முக்கியமானவர்கள். அதே 1891 இல்தான் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டியதும் அந்த ஆண்டுதான். ஆகவே இது ஒரு துரையின் கருணையால் மட்டும் நடந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. கேட்கிற குரல் வலுத்திருந்தது. கேட்டதை எழுதிவைக்க ஓர் அதிகாரி கிடைத்தார்.

ட்ரெமென்ஹீர் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது பயிர் நிலத்தைப் பற்றிய பகுதி அல்ல, வீட்டுமனையைப் பற்றிய பகுதி. செங்கல்பட்டில் மிராசு முறை. ஊர்த் தரிசு நிலம் வேண்டும் என்று சேரிக்காரர் ஒருவர் தர்க்காஸ்து மனு போட்டால், மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. 'எனக்கு வேண்டும்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் மனு தள்ளுபடி. அதைவிட மோசம், குடிசை நிற்கிற தரையே பெரும்பாலும் மிராசுதாருடையது என்பதுதான். கூலி அதிகம் கேட்டாலும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினாலும், "குடிசையைப் பிரி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். காலடி மண் தனக்கில்லாதவன் எதையும் உரத்துப் பேச முடியாது. துரை இதைப் புரிந்துகொண்டு எழுதினார்.

வருவாய் வாரியத்துக்கு அந்தக் குறிப்பு அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 இல் அரசாணை வெளிவந்தது. தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படை செய்வது என்று முடிவானது. சென்னை மாகாணத்தில் இப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 12 லட்சம் ஏக்கர். இந்த ஒப்படைகளோடு சேர்ந்துவந்த நிபந்தனைகள் வருவாய் நிலையாணைகளிலும் இடம்பெற்றன. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது, குத்தகைக்கு விடக் கூடாது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு விற்கலாம், ஆனால் அதே வகுப்பினருக்கு மட்டும். மீறினால் கிரயம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், வாங்கியவருக்கு நஷ்டஈடு கிடையாது.

படித்துப் பார்த்தால் இரும்புக் கதவு மாதிரி இருக்கிறது, இல்லையா? அப்படியானால் நிலம் எங்கே போனது?

என் தாத்தாவுக்கும் அப்படி ஒரு ஏக்கர் பத்து சென்ட் இருந்தது. காவேரிப்பாக்கத்துக்கு அடுத்த ஓர் ஊராட்சியில் எங்கள் காலனி. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று வேலை செய்தவர். நிலத்தைப் பார்த்துக்கொண்டது தாத்தாதான். கேழ்வரகும் கொள்ளும் போடுவார். 1958 இல் அத்தை கல்யாணத்துக்கு 300 ரூபாய்க்கு நிலத்தைப் போக்கியம் வைத்தார். வாங்கியவர் ஊர்ப் பக்கத்து விவசாயி. நல்ல மனிதர்தான், எங்கள் வீட்டுக்குப் புளியும் மிளகாயும் கொடுத்தனுப்புவார். ஆனால் பக்கத்தில் அதே மாதிரித் தரிசு அப்போது இரண்டு மடங்கு விலைக்குப் போனது. "டி.சி. நிலம், நாளைக்கு வில்லங்கம் வரும், அதனால இவ்வளவுதான்" என்று சொல்லித்தான் 300 கொடுத்தார். நிபந்தனை எங்கள் நிலத்தைக் காப்பாற்றவில்லை. விலையைத்தான் குறைத்தது. எனக்குத் தெரிந்து பல குடும்பங்களுக்கு நடந்தது இதுதான்.

வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல முடியும். நிலத்தின் நிபந்தனை அ-பதிவேட்டின் கடைசிப் பத்தியில், குறிப்புரை என்ற இடத்தில், இரண்டே எழுத்தில் இருக்கும். அந்த இரண்டு எழுத்துக்குக் காவல் யார்? பழைய நாளில் கர்ணமும் மணியக்காரரும். பரம்பரை உத்தியோகம். வாங்குகிறவர்கள் அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், இல்லாவிட்டால் வேண்டியவர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அ-பதிவேட்டைக் கேட்டுப் பார்த்துப் பத்திரம் பதிவதில்லை. அங்கே ஒரு கிரயப் பத்திரம் தயாராகும். அதைக் காட்டிச் சிட்டாவில் பெயர் ஏறும். கொஞ்சம் எச்சரிக்கையான ஆளாக இருந்தால் தன் வீட்டுப் படியாள் பெயரில் வாங்கிக்கொள்வார், நிபந்தனையும் மீறப்படாது, நிலமும் தன் கையில் இருக்கும்.

1980 இல் எம்.ஜி.ஆர். பரம்பரைக் கர்ணம் பதவிகளை ஒழித்தார். அதே சமயத்தில்தான், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். என்று நாங்கள் சொல்லும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. ஊர் ஊராகப் போய்ப் புதிய அ-பதிவேடு எழுதினார்கள். அனுபவத்தில் யார் இருக்கிறாரோ அவர் பெயர் ஏறியது. பழைய பதிவேட்டின் குறிப்புரை பல ஊர்களில் புதிய பதிவேட்டுக்கு வரவே இல்லை. வேண்டுமென்றே விட்டதும் உண்டு, கை சலித்து விட்டதும் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்குக் கேட்பார்கள். கடைசிப் பத்தியை யார் பார்க்கிறார்கள்? பின்னால் அந்தப் பதிவேடுதான் கணினிக்குள் போனது. இன்றைக்குக் கைபேசியில் பட்டா எடுத்துப் பார்த்தால் சுத்தமான ரயத்துவாரி நிலமாகத் தெரியும்.

எங்கள் ஒரு ஏக்கர் பத்து சென்ட்டின் கதையும் இதுதான். சென்னை–பெங்களூர் சாலையை நான்கு வழியாக்கினபோது அதில் ஒரு பகுதி போனது. அரசுப் பணம் பட்டாவில் பேர் இருந்தவருக்குப் போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "முந்நூறு வாங்கினோம் இல்ல, அதோட தீந்தது" என்றார். எனக்குத் தீரவில்லை.

நிலம் என்றால் பயிர் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. 1920 வாக்கில் லேபர் கமிஷனர் என்று ஒரு பதவியை ஏற்படுத்தி, சேரிகளுக்கு மனை வாங்கிக் கொடுக்கும் வேலையை அரசு அந்தத் துறையிடம் ஒப்படைத்தது. எங்கள் வயதுக்காரர்களுக்கு 'லேபர் ஸ்கூல்' ஞாபகம் இருக்கும். பின்னாளில் அரிஜன நலப் பள்ளி, அப்புறம் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. எங்கள் காலனியும் அப்படி மனை வாங்கி அமைந்ததுதான். நடுவே 40 சென்ட் பொது இடம் விட்டிருந்தார்கள். அதில் கிணறு, லேபர் ஸ்கூல், ஒரு புங்க மரம். பிறகு தோல் மண்டித் தொழிலாளர்கள் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிய அம்பேத்கர் மன்றம். மன்றத்தில் ராத்திரிப் பள்ளிக்கூடம். மண்ணெண்ணெய் விளக்கில் அரிச்சுவடி படித்த எங்கள் சித்தப்பா பிறகு தபால் துறையில் வேலைக்குப் போனார். பங்குனி, சித்திரையில் அங்கேதான் கூத்து. கர்ண மோட்சம் என்றால் சுற்று வட்டாரத்துச் சனமெல்லாம் பாய் தலையணையோடு வந்துவிடும். எங்கள் காலனி ஜமா மற்ற ஊர்களில் ஊர்ப் பக்கம் போய் ஆடும். ஆனால் ஒத்திகை பார்க்க, அடவு பழக, வேஷப் பெட்டி வைக்க அந்த 40 சென்ட்தான். பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவதும் அந்தப் புங்க மரத்தடியில்தான். சாவு, கல்யாணம், பஞ்சாயத்து, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் வேறு இடம் கிடையாது. அங்கே உட்கார யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஊர்ப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாமல் இருக்கலாம்.

1994 இல் செங்கல்பட்டு மாவட்டம் காரணையில் நடந்ததும் இப்படி ஓர் இடத்துக்கான சண்டைதான். கைமாறிப் போன பஞ்சமி நிலத்தில் மக்கள் இறங்கி அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 இல் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். பயிரிடுவதற்கு முன்னால் ஏன் சிலை வைத்தார்கள் என்று அப்போது என்னோடு வேலை பார்த்த ஒருவர் கிண்டலாகக் கேட்டார். ஏர் ஓட்டினால் அது ஒரு குடும்பத்துக்கு. சிலை வைத்தால் அது எல்லோருக்கும். அவ்வளவுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். நமது மாவட்டத்துக்கும் 1989 முதல் அம்பேத்கர் பெயர் இருந்ததை இளையவர்கள் அறிய மாட்டார்கள். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் நான் அந்த நாளில் கடிதத் தலைப்பு எழுதினேன். 1997 இல் தலைவர்கள் பெயரெல்லாம் மாவட்டங்களிலிருந்து எடுக்கப்பட்டபோது அதுவும் போனது.

இப்போது கொஞ்சம் தூர தேசத்துக்குப் போகலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 1960களில் கறுப்பினக் குத்தகை விவசாயிகள் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்தால், நிலச் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்வார். செங்கல்பட்டு மிராசுதாரின் அதே ஆயுதம்! சார்லஸ் ஷெராட், அவர் மனைவி ஷெர்லி ஷெராட் முதலானோர் சேர்ந்து, யாரும் விரட்ட முடியாத நிலம் ஒன்று வேண்டும் என்று 1969 இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். ஏறக்குறைய 5,700 ஏக்கர். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலேயே கறுப்பர் கையில் ஒரே துண்டாக இருந்த மிகப் பெரிய நிலம் அதுதான் என்பார்கள். நிலம் தனி ஆளுக்கு இல்லை, அறக்கட்டளைக்கு. அதன்மேல் வீடு கட்டிக்கொள்ளலாம், பயிர் செய்யலாம். மண்ணை மட்டும் விற்க முடியாது.

இந்த யோசனைக்கு ஒரு வேர் நம் நாட்டில் இருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், சேரி மக்கள் வினோபாவிடம் நிலம் கேட்டார்கள். ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். பூமி தானம் அங்கே பிறந்தது. அடுத்து, தனி ஆளுக்குக் கொடுத்தால் அவன் விற்றுவிடுகிறான் என்று கண்டு, ஊர் நிலம் ஊருக்கே என்று கிராம தானம் வந்தது. இதைக் கூர்ந்து கவனித்த அமெரிக்கர்களில் ராபர்ட் ஸ்வானும் ரால்ஃப் போர்சோடியும் முக்கியமானவர்கள். ஷெராட்களோடு சேர்ந்து ஜார்ஜியாவில் வேலை செய்தவர் அந்த ஸ்வான்தான். 1959 இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கும் வினோபாவைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

வினோபா இயக்கத்தை நான் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. தானமாக வந்ததில் பாறையும் ஓடையும் எவ்வளவு என்று எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதிலிருந்து கிளம்பியவர்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். 1968 டிசம்பர் 25 இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு அவரும் கணவரும் கீழத் தஞ்சைக்குப் போய்த் தங்கினார்கள். 1981 இல் 'லாஃப்டி' என்ற அமைப்பைத் தொடங்கி, பண்ணையாரிடம் பேசி நிலத்தை விலைக்கு வாங்கி, ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பட்டா பெண்கள் பெயரில். இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும். தாத்தா பெயரில் இருந்த நிலம் கல்யாணச் செலவுக்குப் போனது. பாட்டி பெயரில் இருந்திருந்தால் போயிருக்குமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஜார்ஜியாக் கதை நன்றாக முடியவில்லை. வறட்சி வந்தது. பக்கத்து வெள்ளை விவசாயிகளுக்கு உடனே கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு இழுத்தடிக்கப்பட்டது. கடைசியில் 1985 இல் நிலம் ஜப்தியானது. கடன் கொடுப்பதில் அரசு இன வேற்றுமை காட்டியது என்ற வழக்கில் 2009 இல் இவர்களுக்கு ஒரு கோடியே 20 லட்சம் டாலர் கிடைத்தது. அந்தப் பணத்தில் 2011 இல் 1,638 ஏக்கர் வாங்கினார்கள், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவரின் தோட்டம் அது!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. எங்களிடம் நிபந்தனை இருந்தது, அதைக் காக்கும் சங்கம் இல்லை. அவர்களிடம் சங்கம் இருந்தது, கடன் இல்லை. பொது நிலம், விற்க முடியாத நிலம் என்று பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஏழைக்கு நிலம்தான் வங்கி. ஆஸ்பத்திரி, கல்யாணம், பிள்ளை படிப்பு வரும்போது அவன் எதை அடகு வைப்பான்? அதற்கு வழி செய்யாமல் விற்காதே என்று மட்டும் சொன்னால் அவன் பாதி விலைக்கு விற்பான். ஆனால் கூத்து மேடையையும் மன்றத்தையும் சுடுகாட்டையும் யாரும் அடகு வைக்கப் போவதில்லை. அவற்றையாவது தனி ஆள் பெயருக்கும் போகாமல், வெறும் புறம்போக்கு என்றும் எழுதாமல், காலனியின் பெயரில் பூட்டி வைக்கலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கறுப்பர்கள் நிறைந்திருந்த பகுதியில் வாடகை ஏறி ஏறி அவர்களே சிறுபான்மை ஆகிவிட்டார்கள். அங்கே ஆஃப்ரிக்காடவுன் நில அறக்கட்டளை போன்ற அமைப்புகள் சேர்ந்து, 1968 இல் தொடங்கிய கறுப்பர் வங்கி ஒன்று இருந்த இடத்தில் 115 வீடுகள் கட்டி 2019 இல் திறந்தார்கள். கட்டடத்துக்கு அந்த வங்கியின் பெயரையே வைத்தார்கள். பெயரும் இடமும் ஒன்றாக நின்றன.

எங்கள் 40 சென்ட்டுக்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது. பின்பக்கம் மனைப் பிரிவு போட்டவர்களுக்கு நெடுஞ்சாலைக்கு வழி வேண்டும். குறுக்கு வழி எங்கள் புங்க மரத்தின் மேல்தான் போகிறது. புதிய பதிவேட்டில் அந்த இடம் சர்க்கார் புறம்போக்கு என்று மட்டும் இருக்கிறது. லேபர் துறை எங்களுக்காக வாங்கிய மனை என்பதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. பையன்கள் கிராம சபையில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய அ-பதிவேட்டு நகல் கேட்டதற்கு, அந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்று பதில் வந்தது. இன்னொரு பிரதி எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடைக்கக்கூடும். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நான்கு பேர் கிளம்புகிறோம். பழைய மோடி எழுத்தாக இருந்தால் எனக்கும் படிக்கத் தெரியாது. கர்ணத்தின் தமிழ்க் கூட்டெழுத்தாக இருந்தால் படித்துச் சொல்லிவிடுவேன், கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.